நிரல்படச் சொல்லும் பயிற்சி

காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கும்வரை தான் செய்தவற்றை முன்பின் பிறழாமல் எடுத்துச் சொல்லக் கற்பது குழந்தைக்குப் பெரும் பேறாகும். எளியதாகத் தோன்றும் இப்பயிற்சியைச் சுற்றி ஒரு நெடிய வரலாறு உண்டு. பெங்களூரில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு அவ்வரலாறு பயன் தரவல்லது.

பழைய திண்ணைப் பள்ளிகளில் வரிசை உணர்வுக்குக் குறைவில்லை. இன்று கர்நாடகத்தில் உள்ள பல்லாரி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அதன் கலெக்டர் காம்ப்பெல், 1823ஆம் ஆண்டு அம்மாவட்டப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காலை 6 மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி. பின் வருவோர்க்கு அடி ஒவ்வொன்றாய்க் கூடும். செய்யுள்களை மாணவர் தடையின்றி ஒப்பித்தனர் என்றும், ஆயினும் அவற்றின் பொருளை அறியவில்லை என்றும் காம்ப்பெல் குறிப்பிடுகிறார். பிறர் சொல்லை வரிசை தப்பாமல் ஒப்பிப்பது ஓர் ஆற்றல். தன் செயலைத் தன் சொல்லால் கோத்துச் சொல்வது வேறோர் ஆற்றல்.

இந்த இரண்டாவது ஆற்றலை ஒரு பாடமுறையாக வகுத்தவர் பிரான்சு நாட்டு ஆசிரியர் பிரான்சுவா கூவேன். ஜெர்மன் மொழியைக் கற்க விரும்பி, இலக்கண நூலையும் அகராதியையும் நெட்டுருச் செய்து தோற்றவர் அவர். ஊர் திரும்பியவர், தம் சிறு மருமகன் மாவு ஆலை ஒன்றைக் கண்டு வந்து, அங்கு நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் சொல்லி மொழியைத் தனதாக்கிக்கொள்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே அவருடைய தொடர்முறை. கதவை நோக்கி நடப்பது முதல் அதைத் திறப்பது வரை ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வாக்கியம் என்று பாடம் அமையும். 1880இல் அவர் நூல் வெளியாயிற்று.

மரியா மாண்டிசோரி அம்மையார் இதே வரிசையைக் கைகளுக்குக் கற்பித்தார். 1939ஆம் ஆண்டு அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். உலகப் போர் மூண்டதால் இத்தாலியரான அவர் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் வாழ்ந்தார். கை கழுவுதல் போன்ற அன்றாட வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, குழந்தை தானே செய்யப் பழக்குவது அவர் முறை. ஒழுங்காகச் செய்து பழகிய கைக்கு ஒழுங்காகச் சொல்லும் நாவும் துணையாக வரும்.

இப்பயிற்சிக்குத் தமிழைப் போல் இசைவான மொழி அரிது. "நான் எழுந்து, பல் துலக்கி, குளித்து, உண்டு, பள்ளிக்குச் சென்றேன்" என்னும்போது ஐந்து செயல்கள் ஒரே வாக்கியத்தில் நிரல்பட நிற்கின்றன. இடையே "பிறகு", "பிறகு" என்று சொல்ல வேண்டுவதில்லை. இதுவே வினையெச்சத்தின் சிறப்பு. "செய்து" என்னும் எச்சமும் அது கொண்டு முடியும் வினையும் ஒருவர் செயலாகவே அமையும் என்பதைத் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார்.

கன்னடமும் இவ்வமைப்பை உடையதே. நம் "கண்டு" அங்கும் "கண்டு"தான்; "வந்து" அங்கே "பந்து" ஆகிறது. ஆகவே தெருவில் கன்னடம் பேசும் குழந்தை வீட்டில் தமிழை இழக்க வேண்டுவதில்லை. ஒன்று மற்றொன்றைத் தாங்கும். 1809இல் தண்டு ஏற்பட்ட காலந்தொட்டு அல்சூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இரு மொழிகளோடும் வாழ்ந்து வருகின்றனர்.

அச்சம் வேறிடத்தில் உள்ளது. "சாப்பாடு", "பள்ளிக்கூடம்" எனத் தனிச் சொற்கள் மட்டும் குழந்தையிடம் தங்கி, அவற்றைக் கோக்கும் நூல் அறுந்துவிடலாம். அப்போது ஊரிலுள்ள பாட்டி கேட்கும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லே விடையாகும். வயிற்றுவலி எப்போது தொடங்கியது, வழியில் என்ன நடந்தது என்பதையும் குழந்தையால் தாய்மொழியில் விளக்க இயலாது.

இதற்கு மருந்து எளிது. மாலைதோறும் மூன்று செயல்களை வரிசையாகச் சொல்லச் செய்க, பழகியபின் ஐந்தாக்குக. பின்னர், "குளிக்குமுன் என்ன செய்தாய்?" என்று பின்னோக்கியும் வினவுக. குழந்தை பிழைபடச் சொன்னால் இடைமறிக்காமல் முழுவதும் கேட்டு, சரியான வாக்கியத்தை ஒருமுறை நீங்களே சொல்லுங்கள். நாளொன்றுக்குக் கால் நாழிகை போதும்.