வெட்கப்படும் ரயில்: புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலின் கதை



தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்கு ஒருமுறை, 'நான் நாள்தோறும் செல்லும் வழி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதத் தந்தேன். பேருந்து, மிதிவண்டி, தாத்தாவின் கைப்பிடி என்று பலவாறாக எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "எங்கள் ரயில் வீடுகளைப் பார்த்தால் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்" என்று எழுதியிருந்தாள். கற்பனை வளம் என்று பாராட்டிக் குறிப்பு எழுதப் போனேன். பிறகுதான் புரிந்தது, அது கற்பனையே அன்று. அவள் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயிலில் பள்ளிக்கு வருபவள். அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகில் செல்லும்போது அந்த ரயிலின் சன்னல் கண்ணாடிகள் தாமாகவே பனி மூடியதுபோல் மங்கிவிடும். வீட்டினுள் இருப்போரின் அந்தரங்கத்தைக் காக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வீடுகளைக் கடந்ததும் கண்ணாடி மீண்டும் தெளிந்துவிடும்.

இந்தச் சிறிய ரயிலைப் பற்றி நம் பெற்றோர் பேசும்போது பெரும்பாலும் பழுது, தாமதம் என்ற இரண்டு சொற்களே வந்து விழுகின்றன. அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், அது ஏன் அவ்வாறு ஆயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்லதொரு வரலாறு கிடைக்கும். அதற்காகவே இக்கட்டுரை.

முதலில் இடத்தைப் பற்றி. 'புக்கிட் பாஞ்சாங்' என்பது மலாய்ச் சொல். நீண்ட குன்று என்று பொருள். பெயருக்கேற்றாற்போல் மேடும் பள்ளமுமான நிலம். ரயில் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1903-ஆம் ஆண்டு சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் பாதை திறக்கப்பட்டபோதே புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு நிலையம் இருந்தது. பின்னாளில் அந்நிலையம் மறைந்தது. மலாயா ரயில்கள் நிற்காமல் கடந்துபோயின. 2011-ஆம் ஆண்டு ஜூன் இறுதியோடு அப்பாதையும் மூடப்பட்டுவிட்டது.

பெருவிரைவு ரயில் வந்தபோதும் இந்த ஊருக்கு அதிர்ஷ்டம் இல்லை. 1987-இல் பெருவிரைவு ரயில் தொடங்கியது. 1990 மார்ச்சில் அது சுவா சூ காங் வரை வந்தது. 1996 பிப்ரவரியில் உட்லண்ட்ஸ் நீட்டிப்பும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் புக்கிட் பாஞ்சாங்கை ஒரு புறமாக விட்டுவிட்டே சென்றன. ஊரோ வீவக வீடுகளால் வேகமாக நிறைந்துகொண்டிருந்தது. வேலைக்குச் செல்வோர் பேருந்தில் சுவா சூ காங் சென்று, அங்கிருந்து ரயில் ஏற வேண்டிய நிலை. அந்த இடைவெளியை நிரப்பவே இலகு ரயில் என்னும் யோசனை வந்தது. 1996-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ஏறத்தாழ 285 மில்லியன் வெள்ளி. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் 14 நிலையங்களுடன், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்தில் பாதை திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் அதுவே. விமான நிலையத்திற்கு வெளியே ஓட்டுநர் இல்லாமல் ஓடிய முதல் ரயிலும் அதுவே. வடகிழக்குப் பெருவிரைவு ரயில் பாதை 2003-இல்தான் வந்தது என்பதை நினைவில் கொள்க.

'விமான நிலையத்திற்கு வெளியே' என்றேன் அல்லவா? கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங்கில் ஓடத் தொடங்கிய பெட்டியின் பூர்வீகம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். அங்கு வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1960-களில் ஒரு புதுவகை வாகனத்தை உருவாக்கியது. தண்டவாளத்திற்குப் பதில் காங்கிரீட் தளம்; இரும்புச் சக்கரத்திற்குப் பதில் ரப்பர் டயர்; ஓட்டுநருக்குப் பதில் தானியங்கிக் கட்டுப்பாடு. 1965-இல் பிட்ஸ்பர்க்கை அடுத்த சவுத் பார்க் என்னும் பூங்காவில் சோதனைப் பாதை அமைத்து ஓட்டிக் காட்டினார்கள். 'ஸ்கைபஸ்' என்று அதனை அழைத்தனர். குடியிருப்புகளை நகரத்தோடு இணைக்கும் பொதுப் போக்குவரத்தாக அது வளர வேண்டும் என்பதே அவர்களின் கனவு. ஆனால் அரசியல் பூசலில் சிக்கி, 1970-களில் அத்திட்டம் பிட்ஸ்பர்க்கிலேயே கைவிடப்பட்டது.

சொந்த ஊரில் இடம் கிடைக்காத அந்த வாகனத்திற்கு விமான நிலையங்கள் இடம் தந்தன. 1971-இல் புளோரிடாவின் தாம்பா விமான நிலையத்தில் அது ஓடத் தொடங்கியது. பின்னர் சியாட்டில், லண்டன் கேட்விக் என்று பரவியது. 1990-இல் சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் திறக்கப்பட்டபோது, இரு முனையங்களையும் இணைத்த ஸ்கைடிரெயின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் 1998 முதல் ஓடிய ஏரோடிரெயினும் அதன் உறவுக்காரரே. (மலேசிய அன்பர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். 2023-இல் சேவை நிறுத்தப்பட்டு, புதிய பெட்டிகளுடன் 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் பேருந்துதான்.)

இடையில் நிறுவனம் கை மாறிக்கொண்டே இருந்தது. வெஸ்டிங்ஹவுஸ், ஏஇஜி, அட்ரான்ஸ், பொம்பார்டியர், 2021 முதல் அல்ஸ்டோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் குடும்பப் பெயர் நான்கு முறை மாறியதுபோல! நாம் வாங்கிய காலத்தில் அட்ரான்ஸ் என்று பெயர்.

விமான நிலையப் பாதை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நேர்க்கோடு, சமதளம், குறைந்த தூரம், இரண்டு மூன்று நிறுத்தங்கள். ஆண்டுக்கணக்கில் அந்த வாழ்க்கைக்குப் பழகிய வாகனத்தைப் புக்கிட் பாஞ்சாங்கின் மேடு பள்ளங்களில், வீடுகள் முன்பே எழுந்து நின்ற ஊரின் சாலை வளைவுகளில் கொண்டுவந்து விட்டோம். பாதைக்கு இடம் ஒதுக்கிவிட்டு ஊரைக் கட்டவில்லை. ஊரைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த இடைவெளிகளில் பாதையை நுழைத்தோம். சன்னல்கள் கண் மூட வேண்டியதன் காரணமும் அதுதான்.

பழுதுகளுக்கும் இதில் தொடர்புண்டு. பாதையின் நடுவே ஒரு வழிகாட்டு உத்திரம் செல்கிறது. பெட்டியின் அடியில் உள்ள சக்கரங்கள் அதைப் பற்றிக்கொண்டே திரும்புகின்றன. அதனையொட்டிய கம்பிகளிலிருந்து 600 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டியின் அடியில் உள்ள 'காலணிகள்' உரசி உரசி எடுக்கின்றன. நேர்ப்பாதையில் இந்த உரசல் சீராக நிகழும். கூர்மையான வளைவிலும் ஏற்ற இறக்கத்திலும் உரசும் பாகங்கள் அதிகம் தேயும். சில வேளை தொடர்பு விட்டுப்போகும். தொடர்பு விட்டால் பெட்டி நிற்கும். ஓட்டுநர் இல்லாத பெட்டி நின்றால் ஊழியர் ஒருவர் அங்குச் சென்றாக வேண்டும். ஒரே பாதை என்பதால் பின்னால் வரும் பெட்டிகளும் நிற்கும். காலை ஏழு மணிக்கு ஒரு பெட்டி நின்றால் எத்தனை வகுப்புகளில் எத்தனை நாற்காலிகள் காலியாக இருக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். தொடக்க ஆண்டுகளிலேயே பழுதுகள் செய்தித்தாள்களில் இடம்பெறத் தொடங்கிவிட்டன. 19 பெட்டிகளோடு தொடங்கிய பாதைக்கு 2014 முதல் மேலும் 13 பெட்டிகள் சேர்க்கப்பட்டன. நெரிசல் குறைய அது உதவியது. ஆயினும் வளைவுகள் வளைவுகளாகவே இருந்தன.

2017-ஆம் ஆண்டில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வான் இந்த ரயிலைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். இது பின்னால் தோன்றிய யோசனை என்றும், அரசியல் அழுத்தத்தின் பேரில் கட்டப்பட்டது என்றும் அவர் கூறினார். அவ்வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் டியோ ஹோ பின் அக்கருத்தை ஏற்கவில்லை. அன்று நாடு முழுவதும் அது பேசப்பட்டது. அமைச்சரின் நேர்மையை நான் மதிக்கிறேன். இப்படி ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆனால் 'அழுத்தம்' என்ற சொல் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ரயில் தம் ஊரை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள், எங்களுக்கும் ஒரு வழி வேண்டும் என்று கேட்டால் அது அழுத்தமா? கேட்டது தவறன்று. கேட்டவர்களுக்குக் கொடுத்ததை முன்கூட்டியே திட்டமிட்டுக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் தவறு. செங்காங் (2003), பொங்கோல் (2005) நகரங்கள் அவ்வகையில் கொடுத்துவைத்தவை. அங்கே இலகு ரயிலும் ஊரும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. அங்கு ஓடுபவை வேறு நிறுவனத்தின் பெட்டிகள் என்பது ஒரு காரணம் என்றாலும், முதலில் சென்ற புக்கிட் பாஞ்சாங் பட்ட பாட்டிலிருந்து கற்றதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். வீட்டில் மூத்த பிள்ளையின் நிலை இதுதானே!

அடுத்து என்ன செய்வது என்று பல வழிகள் ஆராயப்பட்டன. ரயிலையே நீக்கிவிட்டுப் பேருந்துகளை விடுவது, மின்கலத்தால் இயங்கும் தானியங்கி வாகனங்களைக் கொண்டுவருவது, வேறு வகை இலகு ரயிலைப் புதிதாகக் கட்டுவது, இருப்பதையே புதுப்பிப்பது. கடைசியில் புதுப்பிப்பதே முடிவாயிற்று. 2018 மார்ச்சில் நிலப் போக்குவரத்து ஆணையம் பொம்பார்டியர் நிறுவனத்திற்கு 344 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் அளித்தது. பழைய 19 பெட்டிகளை மாற்றுவது, 2014-இன் 13 பெட்டிகளைச் சீரமைப்பது, சமிக்ஞை முறையையும் மின் விநியோகத்தையும் புதுப்பிப்பது ஆகியவை அதில் அடங்கும். அன்று கட்டியதற்கு 285 மில்லியன், இன்று திருத்துவதற்கு 344 மில்லியன். காலத்தால் பணமதிப்பு மாறும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றாலும், கணித ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம். 2024-இல் புதிய பெட்டிகளில் முதல் இரண்டு ஓடத் தொடங்கின. 2015 டிசம்பரிலேயே டௌன்டவுன் பெருவிரைவு ரயிலும் புக்கிட் பாஞ்சாங்கை வந்தடைந்துவிட்டதால், நகருக்குச் செல்வோர் சுவா சூ காங்கை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

நிலையங்களின் பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மொழி ஆசிரியருக்கு அழகன்று. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வட்டப்பாதையில் சென்றால் பெத்திர் வருகிறது, மலாயில் இடி. பெண்டிங் என்பது இடைக்கச்சையில் அணியும் அழகிய கொக்கி. பங்கிட் என்றால் எழுதல், அதாவது எழுந்து நிற்றல். பஜார் என்று தமிழில் படித்துக் கடைவீதி என எண்ணிவிடாதீர்கள். அந்த மலாய்ச் சொல்லுக்கு வைகறை என்று பொருள். செகார் என்றால் புத்துணர்ச்சி. செஞ்சா என்றால் அந்தி. வைகறையில் ஏறினால் சில நிமிடங்களில் அந்தியில் இறங்கிவிடலாம். இதை வகுப்பில் சொன்னபோது, சிறுபொழுதுகளைப் பாடமாக நடத்தியதைவிட மாணவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

பட்டியலில் ஒரு பெயர் இப்போது இல்லை. டென் மைல் சந்திப்பு நிலையம். சுவா சூ காங் சாலையும் உட்லண்ட்ஸ் சாலையும் சந்திக்கும் அவ்விடம் நகரிலிருந்து பத்தாவது மைல். நம் பெரியவர்கள் வழக்கில் சொன்னால் பத்தாங்கட்டை. அங்கே ஒரு கடைத்தொகுதிக்குள்ளேயே நிலையம் இருந்தது. பணிமனையும் அதே கட்டடத்தில். பயணிகள் குறைவாகவே வந்தார்கள். 2010 டிசம்பரில் கடைத்தொகுதிச் சீரமைப்புக்காக மூடினார்கள். ஓராண்டு கழித்துத் திறந்தார்கள். 2019 ஜனவரி 13-ஆம் நாள் முதல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அங்குச் சென்றுகொண்டிருந்த பெட்டிகள் கூட்டம் மிகுந்த வட்டப்பாதைக்குத் திருப்பிவிடப்பட்டன. சிங்கப்பூரின் பெருவிரைவு, இலகு ரயில் கட்டமைப்பில் முதன்முதலாக மூடப்பட்ட நிலையம் இதுவே.

கட்டுரை எழுதிய அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன் திறந்து, அவள் பள்ளிக்கு வருவதற்கு முன் மூடிய நிலையம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ரயில் அங்கே இன்னும் தூங்கப் போகுமா, டீச்சர்?" என்று கேட்டாள். போகும் என்றேன். பணிமனை அங்கேதானே இருக்கிறது.