பெயர் மாறிய வேளை

சென்ற வாரம் தூத்துக்குடிக் கரையில், ரத்தம் வழியும் காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு பரதவரோடு நிறுத்தியிருந்தோம். கடுக்கனோடு சேர்ந்து காதும் அறுந்துபோயிருந்தது. அடுத்து என்ன நடந்தது என்று ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள். வாருங்கள்.

சண்டை ஒரு தெருவோடு நிற்கவில்லை. பரதவர்கள் திருப்பி அடித்தார்கள். எதிர்த்தரப்பு மரக்கலங்களைத் திரட்டிக்கொண்டு வந்து கரையை வளைத்தது. பரதவர் தலை ஒன்றுக்கு ஐந்து பணம் என்று விலை வைத்தார்கள். தலைகள் குவியக் குவிய, விலை இறங்கியது என்று பிற்காலப் பாதிரிமார் எழுதிவைத்தார்கள்.

ஐந்து பணம், ஒரு பணமாயிற்று.

எதிரே நின்றவர்களும் வேற்றுக் கடல்காரர்கள் இல்லை. அதே முத்துப்பார்களில் மூச்சடக்கி இறங்கிய முஸ்லிம் முத்துக்குளிப்பவர்களும் மரைக்காயர் வணிகர்களும்தான். பார் யாருக்கு, குத்தகை யாருக்கு என்பதுதான் வழக்கு. கரையில் உரிமை கோரிய அரசர்களோ வாய் திறக்கவில்லை. குத்தகைப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தால் அவர்களுக்குப் போதும்.

ஊர் ஊராகப் பட்டங்கட்டிகள் என்னும் பரதவர் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். வழி தெரியவில்லை.

அப்போதுதான் குமரிமுனைப் பக்கம் ஒரு குதிரை வியாபாரி வந்து சேர்ந்தார். பெயர் ஜான் தா குரூஸ். பெயர்தான் போர்ச்சுகீசியப் பெயர். ஆள் மலையாளக் கரைக்காரர். கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் தூதராக இளவயதிலேயே லிஸ்பன் வரை போனவர். அங்கேயே கிறிஸ்தவராகி, வீரர் பட்டமும் வாங்கிக்கொண்டு திரும்பியவர். வந்த பிறகு வியாபாரம் நொடித்தது. போர்ச்சுகல் மன்னருக்கே கடன்பட்டிருந்தார்.

அவர் பட்டங்கட்டிகளிடம் சொன்ன யோசனை ஒன்றுதான். கொச்சிக்குப் போங்கள். போர்ச்சுகீசியரிடம் அடைக்கலம் கேளுங்கள். அவர்கள் வேதத்தில் சேருங்கள்.

இரக்கத்தில் சொன்னாரா, கடனைத் தீர்க்க வழி பார்த்தாரா? இரண்டும் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். முத்துக்கரையைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்ற பெயர், கடன்காரருக்கு உதவாமலா போகும்? ஆனால் அந்த நேரத்தில் பரதவருக்கு வழி சொன்னவர் அவர் ஒருவர்தான். இதை மறக்கக் கூடாது.

பதினைந்து பேர் புறப்பட்டார்கள்.

கொச்சியில் போர்ச்சுகீசிய அதிகாரி பேரோ வாஸ் கணக்குப் போட்டார். முத்துக்கரை கைக்கு வரும். மரைக்காயர் கை தாழும். பாதிரிமார் தலைவர் மிகேல் வாஸ் வேறு கணக்குப் போட்டார். ஒரு கரையே வேதத்துக்கு வரும். பட்டங்கட்டிகளின் கணக்கு எல்லாவற்றிலும் சின்னது. ஊரில் மிச்சமிருக்கும் தலைகள் தப்ப வேண்டும்.

மூன்று கணக்கும் ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் வந்து சேர்ந்தன.

அந்த வேளையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். அக்கால லத்தீன் முறைப்படி முதலில் நாக்கில் உப்பு வைப்பார்கள். பிறந்த நாள் முதல் உப்புக்காற்றிலேயே வளர்ந்தவர்களின் நாக்கில், ஒரு சிட்டிகை உப்பு! பிறகு எண்ணெய். பிறகு தலையில் தண்ணீர். பக்கத்தில் ஞானத்தகப்பனாக ஒரு போர்ச்சுகீசியர். புரியாத மொழியில் ஒரு பெயர் சொல்லப்படுகிறது. குனிந்த தலை நிமிரும்போது வேறு பெயர்.

ஞானத்தகப்பன் பெயரே பிள்ளைக்கு வந்தது. பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, பெரைரா, மச்சாது, ரோச், கோஸ்தா. மச்சாது என்றால் கோடாலி. பெரைரா, பேரிக்காய் மரம். ரோச், பாறை. கோஸ்தா என்றால் என்ன தெரியுமா? கடற்கரை! கரைக்காரருக்கே கரை என்று பெயர் விழுந்தது. பெற்றவருக்கு அப்போது அர்த்தம் தெரிந்திருக்காது. கொடுத்தவரின் பீரங்கி எவ்வளவு தூரம் பாயும் என்பது நன்றாகவே தெரியும்.

அந்நியப் பெயரை ஏன் சுமக்கிறீர்கள் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். அந்தப் பெயர் உயிருக்கு ஈடாக எழுதிக்கொண்ட உடன்படிக்கை. அதன் பின் வந்தவர்கள் அதைத் தமிழ்ப் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தை எந்தத் தூத்துக்குடிக்காரர் அந்நியர் என்பார்? 1923-இல் தூத்துக்குடி ஆயரான திபூர்சியுஸ் ரோச்சை? தமிழகமே சிரித்துக் கொண்டாடிய சந்திரபாபுவும் ரொட்ரிகஸ் வீட்டுப் பிள்ளைதான்.

நம் தொடர் தொடங்கிய ராயபுரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இராயப்பர் கோயிலைக் கட்டிய படகோட்டிகளும் கத்தோலிக்கர்களே. ஆனால் தங்கள் குலப்பெயரை அவர்கள் பாரதக் கதையில் தேடினார்கள். குருகுலம் என்றார்கள். அது பிற்காலம்; ராயபுரத்தில் ஆங்கிலேயக் கும்பினி ஆட்சி. மசூலாப் படகு இல்லாமல் கும்பினிச் சரக்கு கரை ஏறாது. தலைக்கு யாரும் விலை வைக்கவில்லை. அதனால் பெயரை அவர்கள் நிதானமாகத் தேர்ந்துகொள்ள முடிந்தது. முத்துக்குளித்துறைக்கு அந்த நிதானம் கிடைக்கவில்லை.

கொச்சியில் தலை நனைந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பின்னாலேயே போர்ச்சுகீசியக் கப்பல்கள். பாதிரிமார் கரையிறங்கி ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்கு. முப்பது ஊர்கள். ஜெபம் சொல்லித்தர நேரமில்லை. பெயர் மட்டும் கொடுத்துவிட்டுக் கப்பல்கள் போய்விட்டன.

பரதவர்கள் மறுபடி தோணியை இறக்கினார்கள். பார்களில் மூச்சடக்கி இறங்கினார்கள். இனித் தொல்லையில்லை என்று நினைத்தார்கள்.

செய்தி கோழிக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே சாமூதிரியின் கப்பல்படையை நடத்திய பட்டு மரைக்காயர் சும்மா இருப்பவரா? 1538 பிறக்கும் நேரம், பெரும் படையோடு அவர் கப்பல்கள் குமரியைச் சுற்றிக் கிழக்கே திரும்பின. துரத்திக்கொண்டு கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியக் கப்பல்படைத் தலைவர் மார்த்தீன் அபோன்சோ டி சூசா. அவரிடம் இருந்த ஆட்களோ சில நூறு பேர்.

ராமேசுவரத்துக்கு இப்பால், வேதாளைக் கரையில் மரைக்காயர் பாளையம் இறங்கிவிட்டது.

சூசாவின் கப்பல்கள் இன்னும் வந்து சேரவில்லை.

(அடுத்த வாரம்)