பெயர் மாறிய கப்பல்கள்

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் பார்ப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். எல்லைக் கல்லைத் தேடிப் போய்த் தொட்டும் பார்ப்பார். நிலம் இருந்த இடத்திலேயே இருப்பதால் இவையெல்லாம் கைகூடுகின்றன. கப்பல் அப்படியன்று. ஒரு துறையில் கடன்பட்டு, மறு துறையில் மோதி, மூன்றாம் துறையில் புதுச் சாயம் பூசி நிற்கக்கூடிய உடைமை அது. அந்தப் பழைய கப்பலை விலைக்கு வாங்குகிறவர் எதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை காணக் கடல் வாணிபர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டிருக்கிறார்கள். மரக்கலங்களால் பெயர் பெற்ற சமுதாயத்தினராகிய நமக்கு அந்த வரலாறு அந்நியமானதன்று.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் கடல்களில் 'கர்த்தாஸ்' என்னும் கடவுச்சீட்டைத் திணித்தனர். கப்பலின் பெயர், தலைவன், அளவு, செல்லும் துறை முதலியன அதில் எழுதப்பட்டன. சீட்டில்லாத கலம் பறிமுதலாயிற்று. ஆனால் அது ஆதிக்கத்தின் அடையாளச் சீட்டேயன்றிக் கப்பலின் கடந்த காலத்தைச் சொல்லும் ஏடன்று.

கடந்த காலத்தைச் சொல்லும் ஏடு லண்டனில் ஒரு காப்பிக் கடையின் உறவால் பிறந்தது. லாயிடு என்பவர் தொடங்கிய அக்கடையில் கூடிய காப்பீட்டு வணிகர்கள் 1760இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் வெளியிட்ட பதிவேடுகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் பழையது 1764ஆம் ஆண்டினது. கப்பல் எங்கே, எப்போது கட்டப்பட்டது, உடையவர் யார், தலைவர் யார் என்பவற்றோடு, முன்பு அதற்கு என்ன பெயர் இருந்தது என்பதையும் அது குறித்தது. உடற்பகுதியின் தரத்தைக் காட்ட ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்து. பாய், கயிறு, நங்கூரம் ஆகியவற்றின் தரத்தைக் காட்ட நல்லது, நடுத்தரம், கெட்டது என்னும் சொற்களின் முதலெழுத்துகள். காப்பீடு செய்வோர் தம் பணத்தைக் காக்கச் செய்துகொண்ட ஏற்பாடுதான் இது. ஆயினும் கப்பல் வாங்குவோருக்கும் அது கைவிளக்காயிற்று.

அந்த விளக்கிலும் புகை படிந்தது. கட்டிய இடத்தையும் வயதையும் மட்டுமே வைத்துத் தரம் பிரிக்கிறார்கள், செம்மையாகப் பழுது பார்த்த கப்பலையும் தள்ளிவிடுகிறார்கள் என்று உடைமையாளர்கள் கொதித்தெழுந்து, 1799இல் தமக்கென வேறொரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். ஒன்று பச்சை ஏடு, மற்றது சிவப்பு ஏடு. ஒரே கப்பலுக்கு இரண்டு ஏடுகள் இருந்தால் விற்பவர் எதைக் காட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை! 1834இல்தான் இரண்டும் ஒன்றாயின.

அரசாங்கம் வேறொரு வழியில் வந்தது. 1786ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், மேல்தளமுள்ள 15 டன்னுக்கு மேற்பட்ட கலங்களெல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. அதிகாரி நேரில் சென்று நீள அகலங்களை அளந்து, பாய்மரங்களை எண்ணி, முகப்பில் பதுமை உண்டா இல்லையா என்பதுவரை சான்றிதழில் எழுதினார். தாளில் உள்ள கப்பலும் தண்ணீரில் உள்ள கப்பலும் ஒன்றுதானா என்று வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவிற்று. விற்பனைப் பத்திரத்தில் அந்தச் சான்றிதழைச் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுத வேண்டும்; இல்லையேல் விற்பனையே செல்லாது.

1854ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னேறியது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டு, அதன் முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கப்பட்டது. பெயரும் உடையவரும் துறையும் மாறினாலும் எண் மாறாது. ஒரு ஷில்லிங்குக்கு மேற்படாத கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். அடமானம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். 1871இல் வந்த சட்டம், வாணிப வாரியத்தின் அனுமதியின்றிப் பதிவான கப்பலின் பெயரை மாற்றலாகாது என்றது. உளுத்த கலங்களை மிகையாகக் காப்பீடு செய்து மாலுமிகளோடு கடலுக்கு அனுப்பியவர்களைச் சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் எதிர்த்துப் போராடிய காலம் அது. அக்கலங்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே அழைத்தனர்.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் அகப்படாத வில்லங்கம் ஒன்று உண்டு. 'போல்டு பக்ளூ' என்ற நீராவிக் கப்பலின் வழக்கு அதனை வெளிச்சமாக்கியது. 1848 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹம்பர் ஆற்றில் அக்கப்பல் வேறொரு பாய்க்கப்பலோடு மோதி அதை மூழ்கடித்தது. இழப்பீட்டு வழக்கு முடியுமுன் கப்பல் கைமாறியது. வாங்கியவருக்கு மோதலைப் பற்றி எதுவும் தெரியாது; முழு விலையும் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனாலும் கப்பல் பிடித்து நிறுத்தப்பட்டது. 1851இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது: மோதலால் எழுந்த உரிமை கப்பலையே பற்றி நிற்கிறது, யார் கைக்குப் போனாலும் அது கூடவே போகும். மாலுமிகளின் கூலிப் பாக்கியும், ஆபத்தில் சிக்கிய கப்பலை மீட்டவர்களின் ஊதியமும் இவ்வாறே கப்பலைப் பற்றி நிற்பவை. இவை எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் பேசுகின்றன. அங்கே கேள்வி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. கடல் வழக்கிலோ மூன்றாமவர் ஒருவர் வந்து கப்பலின் மீதே கை வைக்கிறார். வாங்கியவரின் நல்லெண்ணம் அங்கே கேடயமாவதில்லை. இது கொடுமை என்று முதலில் தோன்றும். கூலி பெறாத மாலுமியின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வாறு தோன்றாது.

இனி நம் கரை. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரக்காயர்கள் கெடாவுக்கும் பினாங்குக்கும் கப்பல் செலுத்தியவர்கள். கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் கப்பல் பதிவுக்கென 1841இல் தனிச் சட்டம் வந்தது. அதனை நீக்கி இடம்பெற்ற 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், ஒரு கப்பலின் உடைமையைப் பத்துப் பங்குகளாக வகுத்தது. 2025இல் அதற்கும் மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. பெருங்கப்பல்களுக்கு உலக அளவில் மாறா எண் வழங்கும் முறை 1987இல் வகுக்கப்பட்டு, 1996 முதல் கட்டாயமாயிற்று. அதையும் ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள். உடைத்துத் தீர்க்கப்பட்ட கப்பல்களின் எண்ணைத் தாங்கி எண்ணெய்க் கப்பல்கள் சில அண்மை ஆண்டுகளில் நடமாடியிருக்கின்றன.

மீன்பிடி விசைப்படகுகளுக்குத் தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு உண்டு. பழைய படகு வாங்கப் போகும் நம்மவர்கள், பக்கப்பலகையில் எழுதிய எண்ணையும் என்ஜினில் வெட்டிய எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மீன்வளத்துறை அலுவலகத்தில் ஏட்டையும், கடன் கொடுத்த வங்கியில் பாக்கியையும் விசாரிக்கலாம். கடைசியாகப் போன தங்கலில் படகு எதிலாவது மோதியதா, ஆட்களுக்குக் கூலி முழுதும் தீர்ந்ததா என்பவற்றை மட்டும் அந்தப் படகை ஓட்டியவரிடமும் அதில் வலையிழுத்தவர்களிடமும்தான் கேட்க வேண்டும். அதுவும் விற்பவர் அருகில் இல்லாத வேளையில்.