முதுகெலும்பில் ஒரு மாறுவேடக்காரன்

டிபின்னா இருமல், சளி, ரத்தம். நம்ம சினிமா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனா இந்த ஆசாமி எலும்புக்குள்ளயும் குடித்தனம் பண்ணுவார். அதுலயும் முதுகெலும்புன்னா ரொம்பப் பிரியம். சுமார் 3000 வருஷம் பழைய எகிப்து பூசாரி மம்மி ஒன்றில், கூன் விழுந்த முதுகெலும்பும் பக்கத்தில் சீழ்க்கட்டியும் இருந்ததை 1910-ல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1779-ல் லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட், முதுகு வளைவதையும் கால் விளங்காமல் போவதையும் முடிச்சுப் போட்டு விவரித்தார். அவர் பெயரில்தான் 'பாட்ஸ் நோய்'. அவர் சொன்ன வைத்தியம்? வளைவின் இரண்டு பக்கமும் தோலைப் புண்ணாக்கி, சீழ் வடிய விடுவது! ராபர்ட் கோக் கிருமியைக் காட்டியது 1882-ல். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் வந்தது, ஐசோநையாசிட் 1952-ல். அதுவரைக்கும் மாதக்கணக்கில் பிளாஸ்டர் படுக்கைதான்.

மருந்து வந்ததும் சண்டையும் வந்தது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும், அரித்த எலும்பை வெட்டி எடுத்துட்டு வேற எலும்பை ஒட்டவைக்கும் ஆபரேஷனை 1956-ல் விவரித்தார்கள். நைஜீரியாவின் இபதானில் கான்ஸ்டம், மாத்திரை கொடுத்து நோயாளிகளை நடக்கவிட்டார்.

யார் சொன்னது சரி? இதைச் சோதித்த ஊர்களில் நம்ம சென்னையும் ஒண்ணு. காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பத்து வருஷக் கணக்கு 1999-ல் வெளியானது. ஆபரேஷனோடு 6 மாத மருந்து எடுத்தவர்களில் 90% பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். வெறும் மருந்தில் 6 மாதத்துக்கு 94%, 9 மாதத்துக்கு 99%. (நடக்கவே முடியாத அளவு கால் விழுந்தவர்கள் இந்தச் சோதனையில் கிடையாது. அவங்க கதை வேற.)

சரி, மாத்திரை போதும். ஆனா வந்திருப்பது டிபிதானா?

நண்பனோட அப்பாவுக்கு முதுகு வலி. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் பரவலாக இருக்கலாம்' என்று ஒரு வரி. வீடே இடிஞ்சு போச்சு. பொதுவா டிபி, பக்கத்து பக்கத்து ரெண்டு எலும்பையும் நடுவில் இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்து அரிக்கும். புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவைக்கும். வில்லங்கம் என்னன்னா, சில சமயம் டிபியும் ஒரே எலும்பின் நடுவில் உட்கார்ந்து, டிஸ்க்கைத் தொடாம அச்சு அசலா கட்டி மாதிரியே நிக்கும். எங்க பாஷையில் சொன்னா, ஒரே எர்ரர் மெசேஜ், ரெண்டு வேற வேற பக். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து சொல்ல முடியாது, உள்ளே போய்ப் பார்க்கணும்.

அதான் பயாப்ஸி. "ஊசி குத்தினா கட்டி பரவிடும்"னு சொந்தக்காரங்க சொல்லி நாலு நாள் ஓடிப்போச்சு. கடைசியில் குத்தினாங்க. டிபி! இப்ப மருந்து முடிச்சு, தெருக்கோடி டீக்கடைக்கு நடந்தே போறார்.

முடிவு நேர்மாறாவும் வந்திருக்கலாம். அதனால்தான் "டிபி மாத்திரையைப் போட்டுப் பார்ப்போமே"ங்கிறதும் ஆபத்து. உள்ளே இருப்பது புற்றுநோய்னா அத்தனை மாதமும் வீண். எடுக்கிற சதையில் ஒரு பகுதியை மைக்ரோஸ்கோப்புக்கும், இன்னொரு பகுதியை டிபி கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. யார் வீட்டிலாவது அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா, அழறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க மக்களே.