நச்சில்லாத் துப்புரவுப் பொருள்கள் (தென்சென்னை வீடுகள்)

பாத்திரம், துணி, தரை, குளியலறை ஆகியவற்றைத் தூய்மை செய்யும் பொருள்களில், புழங்குவோரின் தோலுக்கும் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு செய்யாமல், கழுவிய நீர் சேருமிடத்தில் விரைவாக மக்கிப்போகக்கூடியவற்றை நச்சில்லாத் துப்புரவுப் பொருள்கள் என்பர். இக்கட்டுரை சென்னை அபிராமபுரத்தையும் அதை ஒட்டிய மந்தைவெளி, மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் பகுதிகளையும் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. தெற்கே அடையாறும் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அருகிலேயே ஓடுவதால், இங்குப் பாதாளச் சாக்கடையில் முறையாகச் சேராத கழுவுநீர் கடலை அடைய அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை.

பழைய முறைகள்

தமிழகத்தில் சலவை பற்றிய சான்றுகள் சங்க இலக்கியத்திலிருந்தே கிடைக்கின்றன. களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுத்த பெண்ணை ஔவையார் பாடிய புறநானூற்று 311ஆம் பாடல் காட்டுகிறது. துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்து, அடித்து, குளத்து நீரில் இடும் காட்சி குறுந்தொகை 330இல் உண்டு. களர் நிலத்தைத் தேடிப்போனதற்குக் காரணம் இருந்தது. உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் கலந்திருக்கும். அந்தக் காரம் துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து நீரோடு போகச் செய்யும். இன்று சலவைச் சோடா என்று பொட்டலத்தில் விற்கப்படுவதும் அதே வேதிப்பொருள்தான். சலவைத் தொழிலாளர்கள் இந்த மண்ணைக் கரைத்த நீரில் துணியை முக்கி, பிழிந்து, அடுக்கி, வெள்ளாவி வைத்தார்கள். காரமும் நீராவியும் சேர்ந்து அழுக்கை நீக்கியதோடு கிருமியையும் கொன்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வாணிபத்துக்காக வெளுப்போர் குடியேறி உருவான வண்ணாரப்பேட்டை, இத்தொழில் நகரத்தில் பெற்றிருந்த இடத்துக்குச் சான்று. இந்த அறிவு முழுவதும் உழைக்கும் மக்கள் கைவழி வந்தது. அதை எழுதிவைக்க ஆளில்லாமல் போனது பெரும் இழப்பு.

வீட்டுக்குள் வேறு பொருள்கள் புழங்கின. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்க, புளி பித்தளைக்கும் செம்புக்கும், தாழ்ந்த ரகச் சீயக்காய்த்தூள் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு, உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பு தலைக்கு. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காரமாகவும், அதன் நுண்துகள் தேய்ப்பானாகவும் வேலை செய்தன. எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் போயிற்று. அந்த இடத்தைச் சபீனா போன்ற தூள்கள் பிடித்துக்கொண்டன.

பூந்திக்கொட்டை

நெய்க்கொட்டான், பூவந்தி என்றும் அழைக்கப்படும் பூந்திக்கொட்டை இந்த வரிசையில் தலையானது. லிச்சியும் முடக்கத்தானும் சேர்ந்த சபிண்டேசி குடும்பத்து மரம் இது. தென்னிந்திய இனத்துக்கு லின்னேயஸ் சபிண்டஸ் டிரைஃபோலியேட்டஸ் என்று 1753இல் பெயரிட்டார். எமார்ஜினேட்டஸ், லாரிஃபோலியஸ் என்று பழைய தாவர நூல்களில் வருபவையும் இதே மரம்தான். இதன் காய் மூன்று மூன்றாக ஒட்டியிருக்கும். வட இந்தியாவிலிருந்து வரும் சபிண்டஸ் முகொரோசியின் காய் பெரும்பாலும் தனித்து, உருண்டு, சற்றுப் பெரிதாக இருக்கும். இணையத்தில் ‘ரீத்தா’ என்று வாங்கினால் அநேகமாக இதுதான் வரும். துணி துவைப்பதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் அருகில் விளைவதை வாங்குவதே முறை.

நுரை தரும் சப்போனின் பழத்தின் மேல்தோலில் மட்டுமே உள்ளது. உள்ளிருக்கும் கறுப்பு விதையால் சலவைக்குப் பயனில்லை. ஆகவே விதை நீக்கிய கொட்டையாக வாங்கினால் எடைக்கு எடை லாபம். பத்துப் பதினைந்து தோடுகளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். பட்டுப்புடவைக்கும் நகைக்கும் இது தொன்றுதொட்டுப் பயன்படுகிறது. சென்னை வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.

சென்னைக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து வெண்படிவாகி, துணியிலும் வாளியிலும் ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அப்படிப் படிவதில்லை. குறைகளும் உள்ளன. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். நுரை குறைவு என்பதால் பழகாதவர்கள் தேவைக்கு மேல் ஊற்றுவார்கள். சப்போனின் மீனைக் கொல்லும். குளத்தில் மீன்பிடிக்க இக்கொட்டையை நசுக்கிப் போட்டதும் உண்டு. மரத்தில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் எல்லா உயிருக்கும் தீங்கற்றது ஆகிவிடாது. கழுவுநீரைத் தொட்டி மீனுக்கோ குளத்துக்கோ நேராக விடலாகாது. மண்ணில் விட்டால் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும்.

செயற்கைச் சலவைப்பொருள்கள்

இந்தியச் சந்தைக்கு 1959இல் சர்ஃபும், 1969இல் அகமதாபாத்தின் நிர்மாவும் வந்தன. இவற்றின் அடிப்படைப் பொருளான நேர்த்தொடர் அல்கைல் பென்சீனைச் சென்னையிலேயே, 1984இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் மணலியில் தயாரிக்கிறது. நேர்த்தொடர் வகைக்கு முன் உலகெங்கும் பயன்பட்ட கிளைத்தொடர் வகை மக்காமல் ஆறுகளில் நுரை மலைகளை உண்டாக்கியதால் 1960களில் கைவிடப்பட்டது. இப்போதைய வகை மக்கும். ஆனால் மக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் வற்றிய கால்வாயில் அது மக்காமல் தேங்கும். சில தூள்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருக்கும்.

2019 நவம்பர் இறுதியில் கனமழைக்குப் பின் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் பல நாள் வெண்நுரை திரண்டு நின்றது. அதில் குழந்தைகள் விளையாடிய படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. சுத்திகரிக்காத கழிவுநீரும் அதிலிருந்த சலவைத்தூள் எச்சமும் மழைவெள்ளத்தோடு கடலில் கலந்ததே காரணம்.

தேர்ந்தெடுத்தல்

முதலில் வீட்டைவிட்டு அகற்ற வேண்டியவை மூன்று. ஒன்று, மிதிவண்டியில் கொண்டுவந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் லேபிள் இல்லாத ஆசிட். இது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலச் சில்லறை விற்பனைக்கு அமிலத் தாக்குதலுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டுப்பாடு விதித்த பின்னும் இது தெருவுக்கு வருவது பொறுத்துக்கொள்ள முடியாதது. இதைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய கழிவறையில் அது உயிரைப் பறிக்கவும் கூடும். இரண்டாவது, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் கறுப்புப் பினாயில். மூன்றாவது, நாப்தலின் பாச்சை உருண்டை. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு, உருண்டை போட்டு வைத்த பழைய துணியைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். அலமாரிக்கு வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போதும்.

குழாயில் படியும் உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றி, அரை மணி கழித்துத் துடைத்தால் ஆசிட்டுக்கு வேலையில்லை. ஆப்பசோடா மென்காரம், கறிச்சட்டியின் அடிப்பிடிப்புக்கும் குளிர்பதனப் பெட்டியின் வாடைக்கும் ஏற்றது. சலவைச் சோடாவின் காரம் கடுமையானது. கையுறை வேண்டும், அலுமினியப் பாத்திரத்தைக் கறுக்கச் செய்யும். வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கலந்த நொடியில் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பொங்கும் நுரையைப் பார்த்து மகிழ்வதைத் தவிர மிச்சம் அதிகமில்லை.

தாய்லாந்திலிருந்து பரவிய தோல்நொதிக் கரைசல் (பயோ என்சைம்) இன்று பல அடுக்ககங்களின் மாடியில் தயாராகிறது. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றாவிட்டால் பாட்டில் வெடிக்கும். தயாரானது நல்ல அமிலம். அபிராமபுரத்தின் பழைய வீடுகளில் இன்னும் மொசைக் தரை உண்டு. அதிலுள்ள பளிங்குச் சில்லு சுண்ணாம்புக்கல் வகை. தோல்நொதிக் கரைசலோ வினிகரோ எலுமிச்சையோ அடர்த்தியாகப் பட்டால் மெருகு அரிக்கும், திரும்ப வராது. அத்தரைக்குப் பூந்திக்கொட்டை நீரோ, நீர்த்த சோப்பு நீரோதான் சரி. வாசனை வேண்டுமானால் சில துளி புல்தைலம் சேர்க்கலாம்.

இப்பகுதி வீடுகள் பலவற்றில் பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதில் கை நனைப்பவர் வேலைக்கு வரும் அம்மா. ஒரே காலையில் நான்கைந்து வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவரின் விரலிடுக்குப் புண்ணுக்கு எந்த வீட்டுத் தூள் காரணம் என்று யாரும் கேட்பதில்லை. பொருளை மாற்றும்போது நுரை குறைவாகத்தான் வரும் என்று அவரிடம் சொல்லி, கையுறை வாங்கித் தந்து, அவர் கைக்கு ஒத்துவருகிறதா என்று கேட்டறிவதே தேர்வின் முதல் படி.

இன்றைய நிலை

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் மயிலாப்பூர்க் கச்சேரி சாலை டப்பா செட்டி கடை முதலிய நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ‘கெமிக்கல் ஃப்ரீ’, ‘ஆர்கானிக்’ என்ற அட்டைச் சொற்களை நம்பி வாங்க வேண்டாம். ஆதாரமற்ற பசுமை விளம்பரத்தைத் தடுக்க நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சோப்பு, சலவைப்பொருள் உள்ளிட்டவற்றுக்கு மண்பானைச் சின்னம் கொண்ட ஈகோமார்க் முத்திரையை நடுவண் அரசு 1991இல் அறிமுகப்படுத்தியது. உற்பத்தியாளர்கள் அதை அதிகம் நாடவில்லை. 2024 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன. மளிகைக் கடை அலமாரியில் அந்த முத்திரையுள்ள சலவைத்தூளைக் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது.