கனமூலமும் உழைப்பவன் மகனும்

நூறு கனவடி நீர் கொள்ளும் தொட்டி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் சமம். பக்கம் எத்தனை அடி? வாழைச்சேனை வகுப்பறையொன்றில் இவ்வினாவை எழுதியதும், மேசன் ஒருவரின் மகன் எழுந்து, "நாலடி போதாது, ஐந்தடி மிகும், சேர்" என்றான். கனமூலத்தின் வரலாறும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய அறிஞர் ஹீரோன் எடுத்துக்கொண்டதும் இதே நூறுதான். நான்கின் கனம் 64; குறை 36. ஐந்தின் கனம் 125, மிகை 25. குறையை ஐந்தால் பெருக்க 180. அதனுடன் 100ஐக் கூட்ட 280. 180ஐ 280ஆல் வகுக்கப் பதினான்கில் ஒன்பது. ஆகவே விடை நான்கும் பதினான்கில் ஒன்பதும். அதன் கனம் நூறை விஞ்சுவது பன்னிரண்டில் ஒரு பங்கிலும் குறைவே.

கி.பி. 499இல் ஆரியபடர், இலக்கங்களை மும்மூன்றாகப் பகுத்துக் கனமூலத்தை இலக்கம் இலக்கமாகக் காணும் விதியை ஒரே சுலோகத்தில் அடக்கினார். தசமப் புள்ளிக்குப் பின் மும்மூன்று சுழியங்களைச் சேர்த்தால், அதே வழியில் 4.6, 4.64 என வேண்டுமளவு செல்லலாம். முடிவு மட்டும் வராது.

ஆனால் அச்சுருக்கச் சூத்திரம் உரையும் ஆசானும் இன்றி விளங்காது. 629இல் முதலாம் பாஸ்கரர் உரை எழுதினார், அதுவும் சமஸ்கிருதத்திலேயே. குளம் வெட்டியவனும் சுவர் எழுப்பியவனும் அக்கல்விக்கு வெளியே நின்றார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் நம்முன் அமர்ந்திருக்கிறார்கள். காரணத்தை விளக்காது விதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்வோமாயின், திறந்த கதவை நாமே மீண்டும் சாத்துகிறோம்.