ஏவலும் மொழியும்: தொலையியக்கியின் வரலாறு

கைக்கு எட்டாத பொருளைத் தன் விருப்பப்படி நடத்தவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் பழமையானது. மந்திரச் சொல்லுக்குத் திறக்கும் குகைக் கதவு பழங்கதைகளிலே இடம்பெற்றமைக்கு அவ்வாசையே காரணம் எனலாம். ஆயினும், அலிபாபாவின் கதையை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மையும் புலப்படும். குகைக் கதவு எல்லாச் சொல்லுக்கும் திறப்பதில்லை. அதற்குரிய சொல் ஒன்றே. அச்சொல்லை மறந்த காசிம், பொற்குவியலின் நடுவே நின்றும் வெளியேற வழியின்றிக் கள்வர் கையில் அகப்பட்டு மாண்டான். ஏவலுக்கு வலிமை தருவது ஏவுவோனின் குரலன்று. ஏவப்படும் பொருள் அறிந்துள்ள சொல்லே அதற்கு வலிமை தருகின்றது.

இக்காலத்து வீடுகளிலே காணப்படுவதும், மக்கள் 'ரிமோட்' என வழங்குவதுமாகிய தொலையியக்கியின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்வதாகும்.

1898 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க மண்டபத்தில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே நிக்கொலா டெஸ்லா என்னும் அறிஞர், நீர்த்தொட்டி ஒன்றிலே சிறு படகொன்றை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு எதுவுமின்றி அதனைத் திருப்பியும் செலுத்தியும் அதன் விளக்குகளை ஒளிரச்செய்தும் காட்டினார். வானொலி அலைகளைப் பற்றிப் பொதுமக்கள் ஏதும் அறியாத காலம் அது. அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் திகதி அப்புத்தாக்கத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

டெஸ்லாவை அடுத்து ஸ்பெயின் நாட்டுப் பொறியியலறிஞர் லெயோநார்தோ தொரெஸ் கெவேதோ இத்துறையிலே ஈடுபட்டார். 'தெலெகினோ' எனத் தாம் பெயரிட்ட கருவியை 1903 ஆம் ஆண்டிலே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அறிமுகஞ்செய்த அவர், 1906 ஆம் ஆண்டிலே பில்பாவோத் துறைமுகத்தில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ முன்னிலையிலே, கரையில் நின்றவாறே படகொன்றைச் செலுத்திக் காட்டினார். அவருடைய முறையிலே சிறப்பானதொரு கூறு உண்டு. அனுப்பப்படும் துடிப்புக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படகின் செயல் வேறுபட்டது. எண்ணே ஏவலாயிற்று. பிற்காலத் தொலையியக்கிகள் யாவும் எண்ணையே மொழியாகக் கொண்டமையை நோக்குமிடத்து, அவற்றின் வித்து அத்துறைமுகத்திலே காணப்பட்டது எனல் மிகையாகாது.

படகிலே தொடங்கிய இக்கலை வீட்டுக்குள் நுழைய மேலும் முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1939 ஆம் ஆண்டுக்குரிய பில்கோ வானொலிப் பெட்டிகள் சிலவற்றுடன் 'மிஸ்ரறி கொன்ரோல்' என்னும் தனிப்பெட்டியொன்று விற்பனைக்கு வந்தது. அதன்மீது தொலைபேசியிற் போன்ற சுழல்தட்டு இருந்தது. இருந்த இடத்திலிருந்தே அதனைச் சுழற்றி, வேண்டிய நிலையத்தைத் தெரிவுசெய்தல் இயன்றது. எனினும், வானொலி அலை சுவருக்குக் கட்டுப்படுவதன்று. ஒரு வீட்டார் விடுத்த ஏவலுக்கு அயல்வீட்டுப் பெட்டியும் பணிந்துவிடலாம். இதனைத் தவிர்க்கும்பொருட்டு அப்பெட்டிகளை வெவ்வேறு அதிர்வெண்களுக்கு அமைத்து விற்கவேண்டியதாயிற்று. ஏவல் யாருக்கு உரியது என்னும் வினா முதன்முதலாக இல்லறத்துள் எழுந்தது இங்ஙனமே.

தொலைக்காட்சி பரவிய பின்னர் இம்முயற்சி விரைவடைந்தது. சிக்காகோ நகரைச் சார்ந்த செனித் கம்பனி 1950 ஆம் ஆண்டிலே 'சோம்பேறி' எனப் பொருள்படும் பெயருடைய தொலையியக்கியொன்றை வெளியிட்டது. அது நீண்ட வடமொன்றினாலே பெட்டியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. வீட்டார் அவ்வடத்திலே கால் இடறினர். வடமில்லாத கருவி வேண்டும் என்னும் நிலை தோன்றவே, அக்கம்பனியின் பொறியியலாளர் யூஜீன் பொலி 1955 ஆம் ஆண்டிலே 'பிளாஷ்மாற்றிக்' என்னும் கருவியை ஆக்கினார். பொலி 1935 ஆம் ஆண்டிலே அக்கம்பனியின் களஞ்சிய அறையிலே சிற்றூழியராகச் சேர்ந்து, தம் முயற்சியால் உயர்ந்தவர். அவருடைய கருவி கைத்துப்பாக்கியின் வடிவிலமைந்த ஒளிவிளக்கு. தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு மூலையை நோக்கி ஒளி பாய்ச்சினாற் பெட்டி இயங்கும். மற்றொன்றை நோக்கினால் ஒலி அடங்கும். ஏனைய இரண்டும் அலைவரிசையை முன்னும் பின்னும் மாற்றும். விளம்பரங்களைச் செனித் கம்பனித் தலைவர் மக்டொனல்ட் பெரிதும் வெறுத்தவராதலின், ஒலியை அடக்கும் ஆற்றல் அங்கே தனிச்சிறப்பாகக் கருதப்பட்டது. அதுகாறும் ஒலிபரப்புவோர் கூறியவற்றை வாளாவிருந்து கேட்டவர், அன்றுதொட்டு இருக்கையிலிருந்தே அவர் வாயை அடைக்கும் உரிமை பெற்றனர்.

ஆயின், ஒளி என்பது பொலியின் விளக்குக்கு மட்டும் உரியதன்று. சாளரத்தினூடே புகுந்த கதிரவனின் ஒளியும் அக்கலங்களிலே பட்டது. பெட்டியோ கதிரவனையும் தன் எசமானாகக் கொண்டு அலைவரிசையை மாற்றிற்று.

இக்குறையை நீக்க முன்வந்தவர் கலாநிதி றொபேட் அட்லர். வியன்னாவிலே பிறந்து அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலே 1937 இற் பட்டம் பெற்ற இவர், பெல்ஜியம், இங்கிலாந்து ஆகிய நாடுகள் வழியாக அமெரிக்காவை அடைந்து, 1941 இல் செனித் கம்பனியிற் சேர்ந்தவர். தொலையியக்கியினுள் மின்கலம் இருத்தலாகாது என விற்பனைப் பகுதியினர் வற்புறுத்தினர். மின்கலம் தீர்ந்தால் தொலைக்காட்சிப் பெட்டியே பழுதாயிற்று என வாங்கியோர் எண்ணுவர் என்பது அவர்களின் அச்சம். அட்லர் ஒலியை நாடினார். 1956 ஆம் ஆண்டிலே வெளிவந்த 'ஸ்பேஸ் கொமாண்ட்' என்னும் கருவியினுள் நீளத்தில் வேறுபட்ட அலுமினியக் கோல்கள் இருந்தன. பொத்தானை அழுத்தச் சிறு சுத்தியலொன்று கோலைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத கழியொலி அதனின்று எழும். கோலுக்குக் கோல் வேறுபட்ட அவ்வொலியைப் பெட்டி உணர்ந்து பணியும். அவ்வொலியை உணர்தற்கு ஆறு வால்வுகள் கூடுதலாக வேண்டியிருந்தமையால் பெட்டியின் விலை ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதம் உயர்ந்தது. பின்னர் திரான்சிற்றர் வந்து செலவைக் குறைத்தது. கழியொலி முறை கால் நூற்றாண்டுக் காலம் ஆட்சி செலுத்திற்று.

அம்முறைக்கும் பகை உண்டாயிற்று. நாணயங்கள் ஒன்றோடொன்று மோதினும், சாவிக் கொத்தோ நாயின் சங்கிலியோ குலுங்கினும் அவற்றினின்று கழியொலி எழுதல் கூடும். அதுகேட்ட பெட்டி அலைவரிசையை மாற்றும். ஒளியும் ஒலியும் ஏவலைச் சுமந்துசெல்லும் ஊர்திகளேயன்றி, தாமே மொழியாகா என்பது இவற்றால் தெளிவாயிற்று.

மொழி வேண்டும் என்னும் நிலையை வேறொரு காரணமும் விரைவுபடுத்திற்று. 1974 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 'சீபாக்ஸ்' என்னும் எழுத்துச் செய்திச் சேவையைத் தொடங்கியது. வேண்டிய பக்கத்தை மூன்றிலக்க எண்ணால் அழைத்தல் வேண்டும். நான்கு கோல்களைத் தட்டி இதனைச் செய்தல் இயலாது. எனவே, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரை ஊர்தியாகவும், எண்ணை மொழியாகவும் கொண்ட புதிய முறை எழுந்து, 1980 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எங்கும் பரவியது. இலங்கையிலே தொலைக்காட்சி 1979 இல் தொடங்கி, 1982 இல் ரூபவாஹினி வழியாக நாடெங்கும் பரந்தபோது, உலகம் இப்புதிய முறைக்கு மாறிக்கொண்டிருந்தது.

இம்முறையின் நுட்பம் அறிந்து இன்புறத்தக்கது. செங்கீழ்க் கதிர் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்குமாறு செய்யப்படும். வெயிலும் விளக்கும் இங்ஙனம் துடியாமையால், ஏற்கும் கருவி அவற்றைப் புறக்கணிக்கும். அத்துடிப்பினை விட்டுவிட்டு அனுப்புவதன் மூலம் ஒன்று, பூச்சியம் என்னும் இரு குறிகள் உணர்த்தப்படும். ஜப்பானிய என்.ஈ.சி. கம்பனி வகுத்த முறையிலே 32 குறிகள் ஓர் ஏவலாகும். முதலில், ஏவல் இன்ன கருவிக்கு உரியது என்னும் முகவரி. அடுத்து அம்முகவரியின் மறுதலை. பின்னர், செய்யவேண்டிய செயல். இறுதியில் அதன் மறுதலை. சொல்லும் மறுதலையும் பொருந்தாவிடின் ஏவல் பிழையென விடப்படும். சூரியனும் சாவிக் கொத்தும் குறுக்கிட்ட காலம் அத்துடன் முடிந்தது.

ஒரு துன்பம் நீங்கியபொழுது மற்றொன்று முளைத்தது. பிலிப்ஸ் கம்பனி 14 குறிகள் கொண்ட தனிமொழியை வகுத்தது. ஏனைய கம்பனிகளும் தத்தமக்கெனச் சில மொழிகளை வகுத்தன. வீட்டுத் திரையரங்கு என்னும் ஏற்பாடு பரவிய காலத்திலே தொலைக்காட்சிக்கு ஒன்று, ஒலியைப் பெருக்கும் விரியலாக்கிக்கு ஒன்று, இசைத்தட்டுக் கருவிக்கு ஒன்று, அலைவரிசைப் பெட்டிக்கு ஒன்று என மேசைமீது தொலையியக்கிகள் குவிந்தன. ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்கவில்லை. எனவே பன்மொழி வல்ல துபாசி ஒருவன் வேண்டியவனானான். அவனே பொதுத் தொலையியக்கி. அப்பிள் கம்பனியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக், அங்கிருந்து விலகித் தாம் நிறுவிய கம்பனியின் வாயிலாக 1987 ஆம் ஆண்டிலே 'கோர்' என்னும் கருவியை வெளியிட்டார். பிற தொலையியக்கிகளின் கதிரைக் கேட்டு மனனஞ்செய்து, வேண்டியபோது திருப்பிச் சொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது.

துபாசியைப் பயிற்றும் வழிகள் மூன்றென்பர். முதலாவது, குறியெண்ணைக் கூறுவது. கருவியுடன் வரும் சிறு நூலிலே கம்பனிதோறும் நான்கு அல்லது ஐந்து இலக்கக் குறியெண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அமைப்புப் பொத்தானை விளக்கு ஒளிரும்வரை அழுத்திப் பிடித்து, எக்கருவிக்கென உணர்த்தி, எண்ணைப் பதித்தால் அக்கம்பனியின் மொழி முழுவதும் விழித்தெழும். இரண்டாவது, தேடல். எண் தெரியாதவிடத்து, தொலையியக்கி தானறிந்த மொழிகள் ஒவ்வொன்றிலும் 'அணைவாயாக' என முறையே கூறிச் செல்லும். பெட்டி அணைந்த கணத்திலே பொத்தானை அழுத்தி அம்மொழியை நிலைநிறுத்தல் வேண்டும். மூன்றாவது, கற்பித்தல். பழைய தொலையியக்கியையும் புதியதையும் மேசைமீது முகத்துக்கு முகம் வைத்து, பொத்தான் பொத்தானாகச் சொல்லிக்கொடுத்தல். இது மெதுவானது; ஆயினும் நூலிற் காணப்படாத அரிய கருவிகளுக்கு இதுவே புகலிடம். ஆசிரியன் உயிருடன் இருக்கும்போதே மாணவன் கற்றல் வேண்டும் என்னும் விதி இங்கும் உண்டு. பழைய தொலையியக்கி உடைந்தபின் அதனைக் கற்பிக்க இயலாது.

கற்றது குழம்பின் மறக்கச்செய்தலும் ஒரு மருந்தே. தொழிற்சாலையினின்று வெளிவந்த நிலைக்கு மீட்டல் என இதனைக் கூறுவர். 'ஒன் போர் ஓல்' முதலிய பொதுத் தொலையியக்கிகள் பலவற்றிலே, அமைப்பு நிலைக்குச் சென்று 9, 8, 1 என்னும் எண்களை அழுத்த, கற்றவை யாவும் அழியும். ஆனால் அதற்கு முன்னர் எளிய சோதனைகளைச் செய்தல் அறிவுடைமை. மின்கலங்களைக் கழற்றி, ஏதேனுமொரு பொத்தானைச் சிறிதுநேரம் அழுத்தி, எஞ்சிய மின்னேற்றத்தைப் போக்கி, மீண்டும் இட்டாற் சில கோளாறுகள் நீங்கும். கைத்தொலைபேசியின் படக்கருவிகள் பலவற்றினூடே நோக்கினால் தொலையியக்கியின் முனையிலே ஊதா ஒளி தோன்றும். தோன்றின், பேசும் வாய் நலமாயுள்ளது. பிழை மொழியிலோ கேட்கும் செவியிலோ இருத்தல் வேண்டும்.

இத்தகைய குழப்பத்துக்கு மூலகாரணம் ஒன்று உண்டு. செங்கீழ்த் தொலையியக்கிக்கு வாய் உண்டு, செவி இல்லை. தன் ஏவல் நிறைவேறியதோ என அது அறியாது. ஒரே பொத்தானால் நான்கு கருவிகளையும் எழுப்பும்போது, இடையே ஒருவர் நடந்து கதிரை மறைத்தால் மூன்றே எழும். பல கருவிகளிலே எழுப்புவதும் அணைப்பதும் ஒரே ஏவலாதலின், மீண்டும் அழுத்த, எழுந்தவை மூன்றும் உறங்கி, உறங்கிய ஒன்று எழும். 2002 ஆம் ஆண்டின் இறுதியிலே வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. இணைப்பு, கருவிகள் தம்முள் இருவழியாகப் பேசிக்கொள்ளும் வசதியை ஒரே வடத்தினுள் அமைத்து இக்குறையை ஓரளவு தீர்த்தது. சோம்பேறியின் வடத்தை அறுத்தெறிந்த தொழிற்கலை, விடையையும் கேட்கவேண்டி மீண்டும் ஒரு வடத்தை நாடிற்று.

இறுதியாகக் கருதவேண்டியது, மொழிகளின் நினைவு யார் வசம் உள்ளது என்பதாகும். கனடாவிலே தோன்றி 2004 இல் லொஜிடெக் கம்பனியின் கைக்கு வந்த 'ஹார்மனி' தொலையியக்கிகள், தமக்கு வேண்டிய குறிகளை இணையத்தின் வழியே அக்கம்பனியின் களஞ்சியத்திலிருந்து பெற்றன. பல்லாயிரம் கருவிகளின் மொழி அங்கே சேமிக்கப்பட்டிருந்தது. 2021 ஏப்பிரலிலே அவற்றின் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முன்னர் வாங்கியோருக்குச் சேவை தொடரும் எனக் கம்பனி உறுதி கூறியபோதிலும், வீட்டிலுள்ள கருவிகளை ஏவும் சொல் வீட்டுக்கு வெளியே, பிறரொருவரின் பாதுகாப்பிலே இருப்பதனைப் பலர் அன்றே உணர்ந்தனர்.

பொலியும் அட்லரும் 1997 ஆம் ஆண்டிலே எமி விருதினாற் சிறப்பிக்கப்பெற்றனர். அட்லர் 2007 இலும் பொலி 2012 இலும் மறைந்தனர். ஒருவர் ஒளியைத் தந்தார். மற்றவர் ஒலியைத் தந்தார். பின்வந்தோர் மொழியைத் தந்தனர். அம்மொழியைப் பேணும் கடமையோ கருவியை உடையவரைச் சார்ந்தது. பெட்டியுடன் வரும் சிறு நூலைக் குப்பையிலே எறியாது, பொருந்திய குறியெண்ணை அதன் அட்டையிலோ மின்கலம் இடும் மூடியின் உட்புறத்திலோ எழுதிவைப்போர், மீட்டலுக்கும் மறதிக்கும் அஞ்சவேண்டியதில்லை. குகைக்குள் நுழையுமுன் கதவின் சொல்லைக் காசிம் ஓர் ஓலை நறுக்கிலே எழுதிக்கொண்டிருப்பின், அவன் கதை வேறாக முடிந்திருக்கும்.